காற்றின் கண்

லிங்கன்ஷையரில் ஈரமான ஒரு செவ்வாய்க்கிழமை.
பிரபுவின் கூடத்தில் வைக்கோல் நனைந்து நாறுகிறது.
குற்றம் இதுதான்:
சிக்ரித் என்கிற கைம்பெண்
தன் குடிசையின் மேற்குச் சுவரில்
ஒரு முழ அகலத்துக்கு ஓட்டை போட்டாள்.
ஓட்டை பார்க்கும் பக்கம் பிரபுவின் முயல்காடு.

அறையில் மூன்று மொழிகள்.
மேடைமேல் ஒன்று.
நார்மண்டியிலிருந்து குதிரைகளோடு கடல் தாண்டி வந்து
நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியும்
இன்னும் சேணத்தை விட்டு இறங்கவில்லை.
மேசைமேல் ஒன்று, லத்தீன்.
யாருக்கும் அது தாய்மொழி இல்லை, அதனால்
யாருடைய அழுகையும் அதில் கேட்காது.
தரையில் ஒன்று.
அதற்கு நாற்காலி கிடையாது.

காரியஸ்தன் ஃபுல்க் பிரெஞ்சில் உறுமுகிறான்.
வழக்கு, குத்தகை, நீதி, அபராதம்.
ஒவ்வொரு சொல்லும்
இரும்பு முள் வைத்த பூட்சு போட்டிருக்கிறது.
சிக்ரித்துக்குக் கடைசிச் சொல் மட்டும் புரிகிறது.
அதை அவள் இடுப்பு முடிச்சால் கற்றவள்.

"ஃபெனெஸ்தர் ஏன் திறந்தாய்?"
மொழிபெயர்க்க வேண்டியவன்
காலையிலேயே குடித்துவிட்டுத் தூணில் சாய்ந்திருக்கிறான்.
அவள் அடுப்பை நடித்துக் காட்டுகிறாள்,
புகையைக் காட்டுகிறாள், இருமிக் காட்டுகிறாள்.
பிறகு இரண்டு கையாலும்
வெறும் வெளியில் ஒரு சதுரம் வரைந்து,
"விண்டோகெ" என்கிறாள்.
"விண்டோகெ, அவ்வளவுதான்."

எழுத்தன் ஹாமோவின் இறகு நிற்கிறது.
அப்பன் குதிரைவீரன். அம்மா அடுமனைக்காரி.
அந்தச் சொல்லை அவன் அறிவான்:
மாவு படிந்த சுவர், மேலே ஒரு துளை,
அதன் வழி விழும் வெயிலில் ஒரு பூனை.
அறியாதவன்போல் இருப்பதற்குத்தான் அவனுக்குக் கூலி.

ஃபெனெஸ்த்ரா என்று எழுதினால் போதும்.
ஆனால் ஃபெனெஸ்த்ரா என்றால்
கல் வளைவு, ஈயச் சட்டம்,
பிரபுவின் சிற்றாலயத்தில் நிற்கும் நீலக் கண்ணாடிப் புனிதர்.
இவளுடையதோ
மாட்டுக் குடலை இழுத்துக் கட்டிய பொத்தல்.
இரண்டையும் ஒரே சொல்லில் குடிவைத்தால்
கேவலம் பிரபுவுக்கா, இலக்கணத்துக்கா?
இளப்பமோ மரியாதையோ, அவனுக்கே தெரியாது,
வரிக்கு மேலே பொடி எழுத்தில்
அவள் சொன்னதையே எழுதிவிடுகிறான்.

தண்டம் மூன்று பென்னி. ஓட்டையை அடைக்க வேண்டும்.

அவள் தன்னுடையதென்று பிடித்து நின்ற சொல்லும்
அந்த மண்ணில் முளைத்ததில்லை.
முந்நூறு ஆண்டுக்கு முன்னால்
கோடாரிகளோடு டேனியர் படகில் வந்து இறங்கியது.
காற்றின் கண் என்று பொருள்.
கொள்ளையடிக்க வந்தவன் எவனோ
ஒரு சுவரைப் பார்த்து இப்படியும் யோசித்திருக்கிறான்.
அதற்கும் முன்னே இருந்தவர்கள் கண்துளை என்றார்கள்.
அவர்கள் சுவரும் இல்லை, சொல்லும் இல்லை.

(காலதர் என்று நம்மிடமும் ஒன்று இருந்தது,
காற்று நடக்கிற வழி.
போர்த்துகீசியர் கப்பலில் சன்னல் வந்தது.
எட்டிப் பார்த்தவர்கள் திரும்பவேயில்லை.)

நீதிமன்றம் பிரெஞ்சாகவே இருந்தது. வரியும். சிறையும்.
இன்றைக்கும் வழக்குப் போடுகிற ஆங்கிலேயன்
நார்மன் நாக்கைத்தான் வாடகைக்கு எடுக்கிறான்.
ஃபெனெஸ்தர் மட்டும் எப்படியோ
சில நூறு ஆண்டுகள் மாளிகைகளில் மெலிந்து கிடந்து
செத்துப்போனது.
கண்ணாடி துடைத்த பெண்கள் அதை அழைத்த பெயரில்
மாளிகைப் பிள்ளைகள் வெளியே பார்க்கக் கற்றார்கள்.

சிக்ரித்துக்கு இதெல்லாம் எதற்கு?
சாணமும் களிமண்ணும் குழைத்து அடைத்தாள்.
ஆணை பிரெஞ்சில் இருந்ததால்
சரியாக விளங்கவில்லை போலிருக்கிறது,
மூலையில் ஒரு விரல் நுழையும் அளவு விட்டுவிட்டாள்.
புகை அன்று மாலையே வழியைக் கண்டுபிடித்து
முயல்காட்டுப் பக்கம் போனது.